ஸ்பானிஷில் ஜெயிப்பதும் தோற்பதும்: ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை சொற்கள்?

கேள்வி கேட்டவர் கைபேசி விளையாட்டு ஒன்றின் ஆங்கில வாசகங்களை ஸ்பானிஷுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ‘வின்’ என்று தேடினால் அகராதி நான்கு வினைச்சொற்களைக் காட்டுகிறது. ‘லாஸ்’ என்று தேடினால் இரண்டு பெயர்ச்சொற்கள் வருகின்றன. ‘லூசர்’ என்பதற்கு வருகிற சொற்களில் எது திட்டு, எது திட்டு இல்லை என்று தெரியவில்லை. ‘எதை எங்கே போடுவது, ஒரு பட்டியல் தர முடியுமா’ என்பது அவர் கேள்வி. பட்டியல் தந்தால் நாளைக்கு அதில் இல்லாத ஒரு வாக்கியம் வந்து நிற்கும். அவருக்கு உண்மையில் தெரியவேண்டியது, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எதைப் பார்த்து இந்தச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பதும் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். என் பழக்கம் அதிகமும் ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா நாடுகளின் எழுத்தோடு. கரீபியப் பகுதியின் தெருப்பேச்சு பற்றி நான் அடித்துச் சொல்லமாட்டேன். எழுத்துப்பெயர்ப்பு பற்றியும் ஒரு வார்த்தை: ஸ்பானிஷில் ‘வி’ (v) எழுத்தும் ‘பி’ (b) எழுத்தும் ஒரே ஒலி, ‘பந்து’வில் அல்ல, ‘அம்பு’வில் வரும் ‘ப’ போல. ஆகவே ‘வெ’ என்று எழுத்தில் இருந்தாலும் கீழே ‘பெ’ என்றே எழுதியிருக்கிறேன். ‘பெர்தேர்’, ‘பார்த்தீதோ’ போன்ற சொற்களில் வருவது மட்டும் ‘பந்து’வின் ‘ப’தான். ‘கனார்’ என்று வருமிடத்தில் ‘க’வை ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ போல வாசியுங்கள்.

முதலில், ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். தமிழர்கள் பலர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகவே கற்கிறோம், புத்தகங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஜெயிப்பது, தோற்பது என்ற இந்தச் சின்ன வட்டாரத்தில் தமிழ் பல இடங்களில் ஸ்பானிஷுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆட்டத்தில் தோற்றதற்கும், அப்பாவை இழந்ததற்கும், சாவியைத் தொலைத்ததற்கும், எடை குறைந்ததற்கும் ஆங்கிலம் ‘லூஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. நாம் நான்கு சொல் சொல்கிறோம். ஸ்பானிஷ் வினைச்சொல்லில் ஆங்கிலம் மாதிரி, பெயர்ச்சொல்லில் தமிழ் மாதிரி. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடிப்படை வினைச்சொற்கள் இரண்டு: ‘கனார்’ என்றால் ஜெயிக்க, ‘பெர்தேர்’ என்றால் தோற்க. இவற்றை எடுக்கும்போது வாக்கியத்தில் செயப்படுபொருளாக நிற்பது பொருளா, ஆளா என்று பாருங்கள். பரிசையோ, தேர்தலையோ, ஆட்டத்தையோ ஜெயிப்பதென்றால் ‘கனார்’ நேராக வரும்: ‘கனார் உன் பார்த்தீதோ’, ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க. எதிராளியை ஜெயிப்பதென்றால் நாட்டுக்கு நாடு நடை மாறுகிறது. ஸ்பெயின் நாளிதழில் ‘எல் மத்ரித் கனோ அல் பார்சா’ என்று மத்ரித் கால்பந்து அணி பார்சா அணியை ஜெயித்ததாக எழுதுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘லே கனோ அ பிரசில்’ என்று ‘லே’ சேர்ந்து வருவதுதான் வழக்கம். இரண்டும் சரி. உங்கள் செயலி எந்தச் சந்தைக்குப் போகிறது என்று தெரியாமல் இதில் முடிவெடுக்க முடியாது.

தோற்பதில்தான் பெரிய வழுக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பிரேசிலிடம் தோற்றோம் என்பதற்கு ‘டு’ என்ற முன்னிடைச்சொல் வரும். அதை அப்படியே பெயர்த்து ‘பெர்திமோஸ் அ பிரசில்’ என்று எழுதினால் ‘பிரேசிலை இழந்தோம்’ என்ற பொருள் வந்துவிடும். ‘பெர்தீ அ மி பாத்ரே’ என்றால் என் அப்பாவை இழந்தேன், அதாவது அவர் காலமாகிவிட்டார். அதே அச்சில்தான் அந்தப் பிரேசில் வாக்கியமும் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆளிடம் தோற்பதற்கு ‘கோன்த்ரா’ என்ற முன்னிடைச்சொல் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். செய்தித்தாள்கள் ‘ஆன்தே’ என்பதை விரும்பும். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் ‘கோன்’ என்றும் சொல்வார்கள். செயலிக்கு ‘கோன்த்ரா’ போட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பெயர்ச்சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் மொழிபெயர்ப்பு இயந்திரம் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘3 வின்ஸ், 2 லாசஸ்’ என்று ஒரு ஆட்டக்காரரின் கணக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த இரண்டை ‘பெர்திதாஸ்’ என்று எழுதக்கூடாது. ‘பெர்திதா’ என்பது இழப்பு: பணம், உயிர், உடைமை, ரத்தம். ஆட்டத்தில் வரும் தோல்வி ‘தெர்ரோத்தா’. தமிழில் இதைக் குழப்பவே முடியாது, ‘இந்திய அணிக்கு இது மூன்றாவது இழப்பு’ என்று எந்த நிருபரும் எழுதமாட்டார். ‘தெர்சேரா தெர்ரோத்தா’, மூன்றாவது தோல்வி. தோல்வி என்று தமிழில் வருமிடத்தில் ‘தெர்ரோத்தா’, இழப்பு என்று வருமிடத்தில் ‘பெர்திதா’ என்று வைத்துக்கொண்டால் பத்துக்கு ஒன்பது இடத்தில் சரியாக இருக்கும். கணக்குப் பட்டியலாகவே இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. ஸ்பானிய உலகத்தின் கால்பந்துப் புள்ளிப் பட்டியல்கள் பெயர்ச்சொல்லையே தொடுவதில்லை. ஜெயித்த ஆட்டம், சமன் ஆன ஆட்டம், தோற்ற ஆட்டம் என்று எச்சமாக எழுதி, கனாதோஸ், எம்பத்தாதோஸ், பெர்திதோஸ் என்ற சொற்களின் முதலெழுத்தை மட்டும் தலைப்பில் போட்டுவிடுவார்கள். இடமும் மிச்சம்.

இனி ‘பென்சேர்’. அகராதி இதையும் ‘வின்’ என்று காட்டும், ‘டிஃபீட்’ என்றும் காட்டும். இது லத்தீனின் ‘வின்கெரே’யிலிருந்து நேராக இறங்கி வந்த சொல். ‘கனார்’ விளையாட்டுத் திடலின் சொல் என்றால் ‘பென்சேர்’ போர்க்களத்தின் சொல், கல்வெட்டுச் சொல். தமிழில் ஜெயித்தான் என்பதற்கும் வென்றான் என்பதற்கும் இருக்கிற தொலைவு கிட்டத்தட்ட இங்கேயும் இருக்கிறது. ஜூலியஸ் சீசரின் ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ ஸ்பானிஷில் ‘பீனே, பீ, பென்சீ’. அங்கே ‘கனே’ என்று போட்டால் சீட்டாட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். ஸ்பெயினின் கிரனாடா நகரத்து அல்ஹம்பிரா அரண்மனைச் சுவர்களில், அங்கே ஆண்ட முஸ்லிம் வம்சமான நஸ்ரி அரசர்கள் திரும்பத் திரும்பப் பொறித்து வைத்திருக்கும் அரபு வாசகம், இறைவனைத் தவிர வெற்றியாளர் யாருமில்லை என்பது. அதை ஸ்பானிஷில் சொல்லும்போது ‘பென்செதோர்’ என்ற சொல்தான் வரும், ‘கனதோர்’ வராது. அந்த அரசர்களின் கடைசி வாரிசு 1492 ஜனவரி 2 அன்று நகரத்தைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சுவரில் இருக்கிற வாசகம் இன்னும் இருக்கிறது.

‘பென்சேர்’ பற்றிப் பேசும்போது ஸ்பானிய எழுத்தாளர் உனாமுனோவை விட்டுவிட முடியாது. 1936 அக்டோபர் 12 அன்று ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழக மண்டபத்தில், உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவின் தரப்பினர் நிறைந்த கூட்டத்தில், பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மிகேல் தே உனாமுனோ ‘பென்செரேயிஸ், பேரோ நோ கொன்பென்செரேயிஸ்’ என்றாராம்: வெல்வீர்கள், ஆனால் மனங்களை வெல்லமாட்டீர்கள். வெல்வதற்கு ‘பென்சேர்’, ஏற்கவைப்பதற்கு ‘கொன்பென்சேர்’, ஒரு முன்னொட்டுதான் வித்தியாசம். அவர் அன்று பேசினார் என்பதும், கூட்டத்தில் பெரும் சலசலப்பு எழுந்தது என்பதும், கையிலிருந்த ஒரு கடிதத்தின் பின்புறத்தில் அவர் கிறுக்கிய குறிப்புகளில் ‘வெல்லுதல், ஏற்கவைத்தல்’ என்ற அந்த இரண்டு சொற்களும் இருப்பதும் உறுதி. எல்லோரும் மேற்கோள் காட்டுகிற முழு உரை அப்படியே அவர் வாயிலிருந்து வந்ததா என்பது சந்தேகம். அது பின்னாளில் லூயிஸ் போர்த்தீயோ எழுதி, 1941இல் லண்டன் இதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளியான மீட்டுருவாக்கம். ஸ்பானிஷின் மிகப் புகழ்பெற்ற சொல்விளையாட்டு ஒன்று அச்சில் பரவியது, அந்தச் சொல்விளையாட்டு செல்லுபடியாகாத ஒரு மொழியில். தமிழில் ‘வெல்’ என்பதையே இரண்டு முறை போட்டு நான் மேலே சமாளித்திருக்கிறேன், பாதிதான் வந்திருக்கிறது.

உங்கள் செயலிக்கு இதனால் என்ன? இரண்டு விஷயம். ஒன்று, கதைப்போக்குள்ள ஆட்டமாக இருந்து, கடைசியில் அரக்கனை வீழ்த்துகிற கட்டம் வந்தால் அங்கே ‘பென்சேர்’ அல்லது ‘தெர்ரொத்தார்’ போடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஆடுகிற லூடோவில் ‘கனார்’ போதும். இரண்டு, ‘பென்சேர்’ என்பதற்குக் கெடு முடிவது, காலாவதியாவது என்ற பொருளும் உண்டு. கடன் பத்திரம் திங்கள்கிழமை ‘பென்சே’ என்றால் அன்று கெடு. லத்தீன் அமெரிக்க மருந்துக்கடையில் ‘பென்சிதோ’ என்று ஒரு மாத்திரையைச் சொன்னால் அது தோற்கடிக்கப்பட்ட மாத்திரை அல்ல, தேதி கடந்தது. உங்கள் செயலியில் நாணயங்களோ சலுகைகளோ காலாவதியாகும் என்ற அறிவிப்பு கட்டாயம் இருக்கும். லத்தீன் அமெரிக்காவுக்கு ‘பென்சேர்’ சரி. ஸ்பெயினில் உணவுக்கும் மருந்துக்கும் சலுகைக்கும் ‘கதுகார்’ என்பார்கள், ‘பென்சேர்’ அங்கே பெரும்பாலும் கடனுக்கும் தவணைக்கும்.

‘தெர்ரொத்தார்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது எப்போதும் எதிராளியைத்தான் எடுக்கும், ஆட்டத்தையோ பரிசையோ ‘தெர்ரொத்தார்’ செய்ய முடியாது. ‘டிஃபீட்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கடல் சார்ந்த எழுத்தில் ‘தெர்ரோத்தா’ என்றால் கப்பலின் பயணத் திசை. கப்பல் ஆட்டம் மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது உதவும். ‘திரியுன்ஃபார்’ இன்னும் கொஞ்சம் ஆடம்பரமானது, வாழ்க்கையில் வெற்றி பெறுவது, மேடையில் கொடிநாட்டுவது. சீட்டுக்கட்டில் ‘திரியுன்ஃபோ’ என்றால் துருப்பு, ஆகவே சீட்டாட்டச் செயலியில் ‘வெற்றி’ என்ற பொருளில் இதைப் போட்டுவிடாதீர்கள். மெக்சிகோ நகரத்தில் ட்லட்டெலோல்கோ பகுதியின் மூன்று பண்பாடுகள் சதுக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. 1521 ஆகஸ்ட் 13 அன்று ஆஸ்டெக் அரசர் குவாவ்தெமோக் வீரத்தோடு காத்துநின்ற ட்லட்டெலோல்கோ, ஸ்பானியப் படைத்தலைவர் கொர்த்தேஸ் கையில் வீழ்ந்தது என்று தொடங்கி, ‘நோ ஃபுவே திரியுன்ஃபோ நி தெர்ரோத்தா’ என்கிறது அந்தக் கல்: அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இன்றைய மெக்சிகோ என்ற கலப்பு மக்களின் வலிமிகுந்த பிறப்பு. அந்த வாசகத்தோடு உடன்படாத மெக்சிகோக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் சொல்தேர்வைக் கவனியுங்கள். நாடுகள் மோதிக்கொண்டதைப் பற்றிய பேச்சில் ‘கனார்’, ‘பெர்தேர்’ ஜோடி கிட்டவே வரவில்லை.

பரிசு விழுவது தனிக்கதை. நம் ஊரில் ‘லாட்டரியில் ஜெயித்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘லாட்டரி அடிச்சிருக்கு’, ‘எனக்குப் பரிசு விழுந்திருக்கு’ என்கிறோம், எழுவாய் நாம் இல்லை. ஸ்பெயின்காரர்களும் அப்படியே. ‘மே ஆ தொகாதோ லா லொத்தெரீயா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘எனக்கு லாட்டரி பட்டிருக்கிறது’. ‘மே’ என்பது நம் ‘எனக்கு’தான், நான்காம் வேற்றுமை உட்பட. உழைக்காமல் வந்ததை நான் செய்ததாகச் சொல்லக்கூடாது என்று இரண்டு மொழிக்கும் தோன்றியிருக்கிறது போல. ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் லாட்டரி பெரிய சடங்கு. முதல் குலுக்கல் 1812 டிசம்பர் 18 அன்று காதிஸ் நகரத்தில் நடந்தது. இப்போது ஒவ்வொரு டிசம்பர் 22ஆம் தேதியும் சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடலாகவே பாடுவார்கள். ‘எல் கோர்தோ’, அதாவது ‘குண்டன்’ என்ற முதல் பரிசு விழுந்தால் ஒரு பத்திலொரு பங்குச் சீட்டுக்கு வரிக்கு முன் 4,00,000 யூரோ. மறுநாள் பேப்பரில் ‘ஜெயித்தார்கள்’ என்று தேடிப்பாருங்கள், அதைவிட ‘பட்டது’தான் அதிகம் இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் இது மாறும். ‘மே கனே லா லொத்தெரீயா’ என்று தாராளமாகச் சொல்வார்கள், மெக்சிகோவில் ‘சகார்சே’ என்றும், அதாவது இழுத்து எடுத்ததாகச் சொல்வதும் உண்டு. உங்கள் செயலியில் சுழல்சக்கரம் சுற்றிப் பரிசு தருகிற கட்டம் இருந்தால், ஸ்பெயினுக்கு ‘தே ஆ தொகாதோ’ என்று ஒரு கோப்பிலும், மற்ற நாடுகளுக்கு ‘கனாஸ்தே’ என்று இன்னொரு கோப்பிலும் வையுங்கள்.

பொருள் தொலைவதிலும் தமிழ் கைகொடுக்கும். ‘சாவியைத் தொலைத்துவிட்டேன்’ என்றால் பழி என்மேல். ‘சாவி தொலைந்துபோச்சு’ என்றால் பழி யார்மேலும் இல்லை. ஸ்பானிஷில் முதலாவது ‘பெர்தீ லாஸ் யாபேஸ்’, இரண்டாவது ‘சே மே பெர்தியேரோன் லாஸ் யாபேஸ்’. ஆங்கிலம் இந்த இரண்டாவது வகையை ஒரே சொல்லில் சொல்லத் திணறுவதால், ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் எப்போதும் முதலாவதையே சொல்லித் தங்கள் தலையிலேயே பழியைப் போட்டுக்கொள்வார்கள். ‘உங்கள் முன்னேற்றம் அழிந்துவிட்டது’ போன்ற அறிவிப்புகளில் ‘சே’ வடிவம் போட்டால் பயனர்மேல் குற்றம் சாட்டுகிற தொனி வராது.

தமிழ் ஏமாற்றுகிற இடங்களும் உண்டு, மறைக்கமாட்டேன். ‘பெர்தேர்’ என்பதற்குத் தவறவிடுவது, வீணாக்குவது என்றும் பொருள். ரயிலைத் தவறவிட்டாலும், நேரத்தை வீணடித்தாலும் அதே வினைச்சொல். ‘நோ தே லோ பியெர்தாஸ்’ என்றால் ‘தோற்காதே’ இல்லை, ‘தவறவிடாதே’. விளம்பரங்களில் அடிக்கடி வரும். அதேபோல ‘கனார்’ என்றால் சம்பாதிப்பதும்தான். மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பதற்கும் யார் ஜெயித்தார் என்பதற்கும் ஒரே சொல். ‘கனார்சே லா பீதா’ என்றால் பிழைப்பு நடத்துவது. அந்தச் ‘சே’ ஒட்டினால் தகுதி என்ற பொருள் ஏறும்: ‘தே லோ ஆஸ் கனாதோ’, அதற்கு நீ தகுதியானவன்தான். அறை வாங்கியவனையும் அப்படியே சொல்லலாம், நாம் ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்போமே, அதுதான்.

‘கனார்’ எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமை இல்லை. ‘பென்சேர்’, ‘பெர்தேர்’ இரண்டும் லத்தீன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ‘கனார்’ மட்டும், ஒருகாலத்தில் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்தியர்கள் கொண்டுவந்த, ஆசைப்படுவதைக் குறித்த ஒரு கோத்திய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியே ‘இருக்கலாம்’ என்றுதான் போடுகிறது. உறுதியாகத் தெரிவது, அதன் பிள்ளைச் சொல் ஒன்று. ‘கனாதோ’ என்றால் ஜெயித்தது, ஈட்டியது. அதே ‘கனாதோ’ என்றால் ஆடு மாடுகள். ஈட்டிய சொத்து என்ற பொருளிலிருந்து கால்நடைக்கு இறங்கியது. ‘மாடல்ல மற்றை யவை’ என்று குறள் செல்வத்தைத்தான் ‘மாடு’ என்கிறது என்று படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கேள்விக்குத் தேவையில்லாத விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்னொன்றும்: நாம் லாப நஷ்டக் கணக்கு என்கிறோம், ஆங்கிலமும் லாபத்தை முன்னால் வைக்கிறது. ஸ்பெயினின் 2007ஆம் ஆண்டுக் கணக்கியல் விதித்தொகுப்பில் அந்த அறிக்கையின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘பெர்திதாஸ் இ கனான்சியாஸ்’. நஷ்டம் முன்னால், லாபம் பின்னால். வரிசையை மாற்றிப் போட்டால் கணக்காளர் சிரிப்பார்.

‘லூசர்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். (நம் ஊர் ‘லூசு’ வேறு வம்சம், அது இதில் சேராது.) ஆட்டத்தில் தோற்றவர் என்ற நேர்ப்பொருளில் ‘பெர்தெதோர்’. இது திட்டு அல்ல. தோற்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவர் ‘மால் பெர்தெதோர்’, அல்லது இன்னும் இயல்பாக ‘நோ சாபே பெர்தேர்’, தோற்கத் தெரியாதவர். போரில் தோற்றவர்கள் ‘பென்சிதோஸ்’, அதில் இழிவு இல்லை, சில சமயம் கண்ணியமே இருக்கும். ‘தார்சே போர் பென்சிதோ’ என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு விட்டுவிடுவது, உங்கள் செயலியில் ‘கிவ் அப்’ பொத்தானுக்கு ‘ரெந்தீர்சே’ என்ற சொல் இதைவிடச் சுருக்கம். வாழ்க்கையில் உருப்படாதவன் என்று ஆங்கிலத்தில் திட்டுகிறார்களே, அதற்குப் பழைய ஸ்பானிஷ் சொல் ‘ஃபிரகசாதோ’. அமெரிக்கப் படங்களின் மொழிமாற்றத்தால் ‘பெர்தெதோர்’ என்பதும் இப்போது அந்தத் திட்டாகப் புழங்குகிறது, இளைஞர்களிடம் அதிகம். ஆகவே தோற்ற ஆட்டக்காரரின் திரையில் ‘பெர்தெதோர்’ என்று பெரிய எழுத்தில் போடாதீர்கள். நேர்ப்பொருள் சரிதான், படிக்கிறவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

அதற்குப் பதில் வினைச்சொல்லைப் போடுங்கள், அதில் இன்னும் இரண்டு லாபம். ஆங்கிலம் ‘யூ வின்’ என்று நிகழ்காலத்தில் சொல்லும். ஸ்பானிஷ் அப்படிச் சொல்லாது, நாமும் சொல்வதில்லை. ‘ஜெயிச்சுட்டீங்க’ என்று முடிந்ததாகத்தானே சொல்வோம். ஸ்பெயினில் ‘ஆஸ் கனாதோ’, லத்தீன் அமெரிக்காவில் ‘கனாஸ்தே’. தோற்றதற்கு ‘ஆஸ் பெர்திதோ’, ‘பெர்திஸ்தே’. இந்த ‘கனாஸ்தே’ அர்ஜென்டினாவின் ‘போஸ்’ முன்னிலைக்கும் மெக்சிகோவின் ‘தூ’ முன்னிலைக்கும் ஒரே வடிவம் என்பதால் முன்னிலைச் சண்டையும் வராது. ‘நீங்கள்தான் வெற்றியாளர்’ என்று பெயர்ச்சொல் போட்டால் ஆணுக்கு ‘கனதோர்’, பெண்ணுக்கு ‘கனதோரா’ என்று பிரிக்க வேண்டிவரும், பயனரின் பால் உங்களுக்குத் தெரியாது. வினைச்சொல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஆட்டம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கால்பந்து, டென்னிஸ் ஆட்டம் ‘பார்த்தீதோ’. சதுரங்கம், சீட்டு, வீடியோ கேமில் ஒரு சுற்று ‘பார்த்தீதா’. கடைசி எழுத்து ஒன்றுதான், ஆனால் மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

துவம்சம் செய்வது, யாரும் எதிர்பாராமல் ஜெயிப்பது போன்றவற்றில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு. கோல் மழை பொழிந்து ஜெயித்தால் ‘கொலேஆதா’, இது எல்லா நாட்டிலும் புரியும், ஆனால் கோல் இல்லாத ஆட்டத்துக்குப் போடக்கூடாது. ‘பத்தகாசோ’ என்ற சொல்லை மட்டும் மிகவும் எச்சரிக்கையாகத் தொடுங்கள். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் அது குதிரைப்பந்தயத்திலிருந்து வந்த சொல், யாரும் பணம் கட்டாத குதிரை ஜெயிப்பது, எதிர்பாராத வெற்றி. ஸ்பெயினில் அதே சொல் தடாலென்று விழுவது, எதிர்பாராத தோல்வி. அர்ஜென்டினாப் பத்திரிகைத் தலைப்பை ஸ்பெயின்காரர் படித்தால் யார் ஜெயித்தார் என்பதே தலைகீழாகும். இந்த ‘ஆசோ’ என்ற பின்னொட்டு அடி, தாக்கு என்ற பொருள் தருவது. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா அரங்கத்தில் உருகுவே 2-1 என்று பிரேசிலை வீழ்த்தியதற்கு ‘மரக்கனாசோ’ என்று பெயர் வந்தது இப்படித்தான். அடித்தவருக்கு அது வெற்றி, அடிவாங்கியவருக்குத் தோல்வி, சொல் ஒன்றுதான். 2014இல் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 என்று வாங்கியதற்கும் மினெய்ரோன் அரங்கத்தின் பெயரால் ‘மினெய்ராசோ’ என்று வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, தோற்றவருக்கான ஆறுதல் வாசகம். ஆங்கிலத்தில் ‘அடுத்த முறை நல்லது நடக்கட்டும்’ என்று வருமே, அதற்குச் ‘சுவெர்த்தே பாரா லா ப்ரோக்சிமா’ என்று நேராகவே சொல்லலாம். இணையத்தில் தேடினால் ‘மாஸ் சே பெர்தியோ என் கூபா’ என்ற பழமொழியும் கண்ணில் படும்: கியூபாவில் இதைவிட அதிகம் இழந்தோம். 1898இல் அமெரிக்காவோடு நடந்த போரில் ஸ்பெயின் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததிலிருந்து வந்தது. தட்டு உடைந்தாலும், பஸ் போனாலும் ஸ்பெயின்காரர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு இதைச் சொல்வார்கள். அழகான பழமொழி, ஆனால் அந்த ‘இழந்தோம்’ ஸ்பெயினுடைய இழப்பு. ஸ்பெயினுக்கான கோப்பில் மட்டும் வையுங்கள், லத்தீன் அமெரிக்காவுக்கான, 419 என்ற எண்குறி போடுகிற கோப்பில் வேண்டாம். கேலி வாசகங்கள், திட்டுகள், கொண்டாட்டக் கூச்சல்கள் இருக்கிற வரிகளைத் தனியாகப் பிரித்து, எந்த நாட்டில் வெளியிடுகிறீர்களோ அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அந்த வரிகளில் என் சொல்லையும் நம்ப வேண்டாம். மற்றதில் ஐயம் வந்தால் ஆங்கில வரியோடு, அது எந்தத் திரையில் வருகிறது என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.